ரிங் மாற்றும்போது வாய் இடைவெளியை அளந்து போடுங்கள்

மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் இன்றும் ஆயில் இஞ்சினை நம்பித்தான் பாசனம் நடைபெறுகிறது. இஞ்சின் புகை கக்கி, ஆயில் குடிக்கத் தொடங்கியதும் ரிங் செட் வாங்கி மாற்றிவிடுகிறோம். "புது ரிங் தானே, அப்படியே போடலாம்" என்று மெக்கானிக் சொன்னால் நாமும் ஒப்புக்கொள்கிறோம். இது தவறான பழக்கம் என்பது என் கருத்து.

ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருந்தே தீரவேண்டும். 80 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு ரிங்கின் சுற்றளவு சுமார் 251 மி.மீ. சிலிண்டர் சுவரைக் காட்டிலும் ரிங் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் முனைகள் ஏறக்குறைய 0.28 மி.மீ. நெருங்கும். இடம் இல்லையேல் முனைகள் முட்டி, ரிங் சுவரைக் கீறும், உடையும், பிஸ்டன் ஜாம் ஆகும். இடைவெளி மிகுந்தாலோ அமுக்கம் கசியும், ஸ்டார்ட் ஆவது கடினமாகும். சிறிது மிகுவதைவிடக் குறைவதே பேராபத்து.

100 மி.மீ. விட்டத்திற்கு 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. 80 மி.மீ. இஞ்சினுக்கு இது 0.24 முதல் 0.32 மி.மீ. ஆகும். இஞ்சினுடன் வந்த கையேட்டில் அளவு இருந்தால் அதையே பின்பற்றவேண்டும்.

ரிங்கை மட்டும் லைனருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் கோணாமல் தள்ளி, தேய்மானம் குறைந்த அடிப்பகுதியில் பீலர் கேஜால் அளக்கவேண்டும். குறைந்தால் ஒரு முனையை மட்டும், வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி, மெல்லிய அரத்தால் நேராக அராவிப் பிசிறு நீக்கவேண்டும். மாட்டும்போது ரிங் வாய்கள் ஒரே வரிசையில் நிற்கக்கூடாது.

அதே ரிங்கை, மேல் ரிங் ஓடும் இடத்திலும் வைத்து அளந்து பாருங்கள். கீழே 0.3, மேலே 0.75 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.45. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.15 மி.மீ., லைனரின் விட்டத் தேய்மானம். தேய்மானம் கையேடு சொல்லும் எல்லையைத் தாண்டினால் புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. லைனரையே மாற்றவேண்டும், அல்லது போரிங் செய்து பெரிய அளவு பிஸ்டன் போடவேண்டும்.

பயிர் வாடும் நேரத்தில் இஞ்சின் மறுபடி படுத்துவிட்டால் இழப்பு மெக்கானிக்குக்கு அல்ல, நமக்குத்தான். ஆகவே உழவர் பெருமக்கள் வேலை நடக்கும்போது அருகிலிருந்து, "அளந்து காட்டுங்கள்" என்று தயங்காமல் கேட்கவேண்டும். பீலர் கேஜ் இல்லாத பட்டறையில் இஞ்சினைப் பிரிக்கவே கொடுக்காதீர்கள்.