பெல்காம் தகராறு மக்கள் தகராறு அல்ல

மராட்டியருக்கும் கன்னடருக்கும் ஆகாது, எல்லையிலுள்ள பெல்காம் மகாராஷ்டிரத்துக்கா கர்நாடகத்துக்கா என்று தீரும்வரை கிரேக்கரும் துருக்கியரும் மாதிரி முறைத்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்ற பேச்சு மும்பை கோவண்டித் தமிழரிடமும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை.

ஜென்மப் பகையாம். 1956 நவம்பர் 1 அன்று பெல்காம் மைசூர் மாநிலத்தோடு (இன்றைய கர்நாடகம்) சேர்ந்ததில்தான் இன்றைய வழக்கு தொடங்குகிறது. மகாராஷ்டிரத்துப் பண்டரிபுரம் விட்டலனைக் கும்பிடக் கன்னடர் வருவது அதற்கு எவ்வளவோ முந்தியது. கர்நாடகத்துக் கதக்கில் பிறந்து புனேயில் வாழ்ந்த பாடகர் பீம்சேன் ஜோஷி மராத்தி அபங்கமும் பாடினார், கன்னட தாசர் பதமும் பாடினார். இரண்டு மாநிலமும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின.

கலவரம் மக்களின் கொதிப்பு என்பவர்கள் 1969 பிப்ரவரியைப் பார்க்கட்டும். சிவசேனை தொடங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அக்கட்சியினர் பெல்காமுக்காக மாஹிமில் அன்றைய துணைப் பிரதமர் மொரார்ஜி தேசாயின் காரை மறிக்கப் போனதில் கலவரம் மூண்டு, மும்பை பல நாள் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெல்காமோ சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி. இங்கே நொறுங்கியது உடுப்பி ஓட்டல்களும் தென்னிந்தியர் கடைகளும். பெல்காமில் ஒரு சென்ட் நிலம் கேட்காதவர்கள் அடிபட்டார்கள். இதை எல்லைக் கோபம் என்று எப்படிச் சொல்வது? கட்சி வளர்க்கக் கிளப்பிய கோபம் அது.

கோடு தீர்ந்தால் பகை தீரும் என்பதும் சரியில்லை. பெல்காம் மைசூருக்கே என்று 1967-இல் எல்லைத் தகராறை ஆராய்ந்த மகாஜன் கமிஷன் சொன்னது; மகாராஷ்டிரம் மறுத்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2022 டிசம்பரில் மறுபடி லாரிகள்மேல் கல் விழுந்தது, பஸ்கள் நின்றன, இரு மொழிக்காரரும் தவித்தார்கள். கிரேக்கருக்கும் துருக்கியருக்கும்கூட ஏஜியன் கடல் தகராறு தீராமலே, 1999 ஆகஸ்டில் துருக்கியில் பூகம்பம் வந்ததும் கிரேக்க மீட்புக் குழு ஓடியது. அடுத்த மாதம் ஏதென்ஸ் குலுங்கியபோது துருக்கியர் வந்தார்கள். கோவண்டியிலும் காலையில் சைக்கிளில் பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்து வரும் நம் இட்லிக்காரரிடம் மராட்டியப் பெண்கள் தட்டோடு வந்து நிற்கிறார்கள், சட்னி கூடக் கேட்கிறார்கள்.

பெல்காம் மராட்டியருக்குத் தங்கள் மொழியில் பள்ளியும் அரசு ஆவணமும் வேண்டும். நியாயமான உரிமை, கர்நாடகம் தரத்தான் வேண்டும். அதற்கு மும்பையில் யார் கடையையும் உடைக்க வேண்டியதில்லை.

'அவர்களுக்குள் ஆகாது' என்ற பேச்சை நாமாவது பரப்பாமல் இருப்போம். அந்தப் பேச்சால் இந்த ஊரில் அடி வாங்கியவர்களில் நாமும் உண்டு.