உமியை அனுப்பிட்டு பாட்டிலை வாங்குறோம்

போன வாரம் உரக்கடையில ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாங்க. "இயற்கை சிலிக்கா சார், லிட்டர் 650 ரூபாய். பயிர் சாயாது, குலைநோய் அண்டாது." எதுலேர்ந்து எடுத்ததுன்னு கேட்டேன். நெல் உமியிலேர்ந்துன்னு பதில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில்லுல லாரியில உமி ஏறிக்கிட்டு இருந்துச்சு, செங்கல் சூளைக்கு.

சிலிக்கா தேவையில்லைன்னு நான் சொல்லல. நெல்லு மண்ணுலேர்ந்து உறிஞ்சி, தோல்லயும் தாள்லயும் உமியிலயும் அதைச் சேர்த்து வைக்குது. இலையைத் தடவினா கை அறுபடுதே, அந்தச் சொரசொரப்புக்கு அதுதான் காரணம். பூஞ்சாணம் உள்ள நுழையவும், தண்டுதுளைப்பான் கடிக்கவும் சிரமப்படும். ஜப்பான்ல 1955லேயே இதை உரமா ஏத்துக்கிட்டாங்க. புதுசா கண்டுபிடிச்ச மாதிரி நம்மகிட்ட விக்கிறதுதான் வேடிக்கை.

கணக்கைப் பாருங்க. 1000 கிலோ நெல்லுல சுமார் 200 கிலோ உமி. அதை எரிச்சா 40 கிலோ சாம்பல். அதுல 35 கிலோ அளவுக்கு சிலிக்காதான். வைக்கோல்லயும் பத்துல ஒரு பங்கு இருக்கு. ரெண்டையும் வெளியே அனுப்பிட்டா மண்ணுல என்ன மிஞ்சும்?

நானும் தப்பு பண்ணவன்தான். மெஷின் அறுப்பு வந்ததுலேர்ந்து மூணு வருஷம் வைக்கோலைக் கட்டு கட்டி வித்தேன். கைச்செலவுக்கு ஆச்சு. போன சம்பாவுல யூரியாவே போடாத வயல் கதிரோட படுத்துடுச்சு. மழையைத் திட்டினேன். மழை மட்டுமே காரணம் இல்லைன்னு இப்ப தோணுது.

"உமிச்சாம்பல் மண்ணுல கரையாது, பாட்டில்தான் வேலை செய்யும்"னு சொல்றாங்க. பாதி உண்மை. பாய்லர்ல ரொம்பச் சூட்டுல வெந்த சாம்பல்ல சிலிக்கா படிகமாயிடும், கரையாது. அதோட தூசி நெஞ்சுக்கும் ஆகாது. அதனால கரியா எடுங்க. ஓட்டை போட்ட தகர டின்னுக்குள்ள தணல், மேல ஒரு புகைக்குழாய், சுத்தி உமியைக் குவிக்கணும். மேல்பக்கம் கறுத்ததும், வெள்ளைச் சாம்பலாகிறதுக்கு முன்னாடி, தண்ணி ஊத்தி அணைச்சுடணும். நம்ம தாத்தா பல்லு வெளக்கின அதே உமிக்கரிதான்.

அதை மக்கின எருவோட கலந்து நாத்தங்கால்லயும் வயல்லயும் போடலாம். பச்சைச் சாணத்தோட சாம்பலைக் கலந்தா தழைச்சத்து ஆவியாப் போயிடும். களர் நிலத்துல அளவு பார்த்துப் போடணும். பாட்டில் மாதிரி பத்து நாள்ல பலன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மெதுவாத்தான் கரையும். வருஷா வருஷம் போட்டா மண்ணுல சேரும்.

பட்டணத்துல இயற்கை அரிசி வாங்குறவங்க சர்டிபிகேட் கேக்குறீங்க. நல்லது. அதோட இன்னொரு கேள்வியும் கேளுங்க: "உங்க வைக்கோலும் உமியும் எங்க போச்சு?" கடையில வாங்கிக் கொட்டுற வரைக்கும், யூரியா மூட்டைக்குப் பதிலா பாட்டில் வந்திருக்கு, அவ்வளவுதான். கடன் நோட்டு அதே நோட்டு.

இந்த வருஷம் என் வைக்கோல் வயலை விட்டுப் போகாது.