ஓரத்துக்கும் ஒரு வேலை

கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். காதுகுத்து பேனரைப் பாருங்கள். தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். ஆளைச் சுற்றி ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்: தங்க ஜரிகை, ரோஜாக் கொடி, மயிலிறகு, மல்லிகைச் சரம். முன்பெல்லாம் இது ஸ்டூடியோக்காரரின் கைவேலை. இப்போது கைபேசியைத் தொட்டால் ஃப்ரேம்கள் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. பார்டர் போடுவது இவ்வளவு சுலபமான பிறகு, அதை எதற்காகப் போடுகிறோம் என்று நாம் யோசிப்பதே இல்லை. யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

பழைய புகைப்படங்களின் ஓரங்கள் பெரும்பாலும் ஒரு வேலையிலிருந்து பிறந்தவை. வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களின் வெள்ளை விளிம்பு எப்படி வந்தது? இருட்டறையில், என்லார்ஜருக்கு அடியில் காகிதம் சுருளாமல் இருக்க நான்கு பக்கமும் மெல்லிய பட்டைகள் அதை அழுத்திப் பிடித்திருக்கும். பட்டை மறைத்த இடத்தில் வெளிச்சம் விழாது. விழாத இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். 1972இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 படத்தின் அடிப்பக்கம் மட்டும் அகலமாக இருக்கும். படத்தைக் கழுவும் ரசாயனப் பை இருந்த இடம் அது. கேமராவை விட்டு வெளியே வரும்போது உருளைகள் அந்தப் பையை நசுக்கிப் படம் முழுக்கப் பரப்பிவிடும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் படங்களைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். நெகட்டிவின் ஓரம் வரை அச்சிட்டால் விழும் கோடு அது. எடுத்ததில் ஒரு நூலிழைகூட வெட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைக்காரர் வைக்கும் மவுன்ட் அட்டையும் அப்படித்தான். ஈரக்காற்றுள்ள ஊர்களில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

கணினியில் போடும் ஓரத்துக்கு இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே காகிதமும் சுருளாது, கண்ணாடியும் ஒட்டாது. அதனால் அதற்கு என்ன வேலை என்பதை நாம்தான் தீர்மானித்தாக வேண்டும்.

வேலை இல்லாத ஓரம் சும்மாவும் இருக்காது, படத்தையே மாற்றிவிடும். பாரிஸில் கோப்லான் என்ற பழைய நெசவுக்கூடம் இருக்கிறது. அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்க வைத்திருந்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தின் தோற்றத்தை மாற்றிவிடும் என்பதை 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். வெள்ளைக்கு நடுவில் வைத்த சாம்பல் நிறம் இருண்டு தெரியும். அதையே கறுப்புக்கு நடுவில் வைத்தால் வெளுத்துத் தெரியும்.

இதை நம் வீட்டுப் படங்களில் பொருத்திப் பாருங்கள். மாநிறமான முகத்தைச் சுற்றிப் பளீரென்று வெள்ளை பார்டர் போட்டால் முகம் இன்னும் ஒரு படி கறுத்துத் தெரியும். ‘கறுப்பா விழுந்திருக்கே’ என்று வீட்டில் ஒருவர் சொல்வார். உடனே முகத்தை வெளுப்பார்கள். தோலின் பதம் போய், மூக்கின் நிழல் போய், சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம் மிஞ்சும். மாற்றியிருக்க வேண்டியது ஓரத்தை. நாம் மாற்றியது மனிதரை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்த ஓரத்தை வெளிர் சாம்பலாகவோ, படத்திலேயே உள்ள கதவின் மரநிறமாகவோ, புடவையின் அடர்ந்த மடிப்பு நிறமாகவோ வைத்திருந்தால் முகத்தைத் தொட வேண்டியே இருந்திருக்காது. மென்பொருளில் நிறத்தை எடுக்கும் ஐட்ராப்பர் கருவியை அந்த இடத்தில் வைத்துச் சொடுக்கினால் நிறம் கைக்கு வந்துவிடும்.

செய்முறை எளிது. போட்டோஷாப்பில் இமேஜ் மெனுவில் உள்ள கேன்வாஸ் சைஸுக்குப் போய், ‘ரிலேட்டிவ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பெட்டியிலும் 150 பிக்சல் கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் 75 பிக்சல் கூடும். படத்தின் ஒரு புள்ளியும் மறையாது. லேயர் ஸ்டைலில் உள்ள ஸ்ட்ரோக்கிலும் பார்டர் போடலாம். ஆனால் ‘இன்சைட்’ வைத்தால் அது படத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். ‘அவுட்சைட்’ வைத்தால் மூலைகள் உருண்டுவிடும். காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் ‘ஆட் பார்டர்’ என்றே ஒரு வசதி உண்டு. அது நான்கு பக்கத்துக்கும் நிறத்தின் அடர்த்தியைச் சற்று மாற்றி, வெளிச்சம் பட்ட மரச்சட்டம் போலக் காட்டும். அந்த வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கினால் சீரான ஒரே நிறம் கிடைக்கும். எனக்குப் பிடித்தது அந்தச் சீரான நிறம்தான்.

அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் கணக்குப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். 6க்கு 4 அங்குலப் படம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் மொத்தம் 1800க்கு 1200. சுற்றிலும் கால் அங்குலம் ஓரம் விட்டால் உள்ளே மிஞ்சுவது 1650க்கு 1050. கேமராப் படம் பெரும்பாலும் 3க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கும். அது 1050 உயரத்துக்கு 1575 அகலம்தான் வரும். ஆக, மேலும் கீழும் கொஞ்சம் வெட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டு ஓரம் தடிப்பதை ஏற்க வேண்டும். இதைத் தெரிந்து செய்தால் இரண்டுமே அழகுதான். இன்னொன்று, விளிம்பு வரை அச்சிடும்போது இயந்திரம் படத்தைக் காகிதத்தைவிடச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளும். ஓரத்தில் விட்ட 10 பிக்சல் கோடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் காணாமல் போகும். மெல்லிய கோடு வேண்டுமென்றால் அதற்கு வெளியேயும் தாராளமாக இடம் விடுங்கள்.

ஆயத்த ஃப்ரேம்களுக்கு நான் எதிரி அல்ல. நடுவில் ஓட்டையோடு வரும் அந்தப் பூச்சட்டங்களில் பண்டிகைக் களை உண்டு. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அது பொருந்தும். ஆனால் கைபேசிப் படம் பெரும்பாலும் 4க்கு 3. சட்டத்தின் ஓட்டை வேறு அளவில் இருக்கும். ஓட்டையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் குழந்தையின் முகமும் சேர்ந்து இழுபடும். எந்தச் சட்டத்துக்காகவும் முகத்தை நீட்டக் கூடாது. வெட்டுங்கள், அல்லது வேறு சட்டம் தேடுங்கள். எதைச் செய்தாலும் அசல் கோப்பின் மேல் சேமிக்காதீர்கள். ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். பத்து வருடம் கழித்து உங்கள் மகளுக்கு அந்த ரோஜாக் கொடி வேண்டாமென்று தோன்றினால், கொடி ஏறாத படம் அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அக்கறையோடு சொல்ல விரும்புவது மறைந்தவர்களின் படத்தைப் பற்றி. நடு வீட்டில் முப்பது நாற்பது வருடம் இருக்கப்போகும் படம் அது. நாளையே கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், துக்கத்தின் நடுவில், யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். ஐந்து நிமிடம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஓரம் போட்டதையும் போடாததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண் முதலில் முகத்துக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போனால் அந்த ஓரம் இருக்கட்டும். முகத்துக்கு முன்னால் பூவுக்கும் தங்கக் கோட்டுக்கும் போனால், தயங்காமல் எடுத்துவிடச் சொல்லுங்கள்.