போகாத ஊருக்கு ஒரு சான்றிதழ்



சென்ற புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம் முடிந்து ஆலய விளக்குகளை அணைக்கும் நேரத்தில், நம்முடைய சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தம் மகளோடு என்னைக் காண வந்தார். அவர்கள் இருவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மகள் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. “ஐயா, கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கேட்கிறார்கள். நம் ஆலய அலுவலகத்தில் ஒரு மாதம் பயிற்சி செய்தாள் என்று சபையின் கடிதத்தாளில் எழுதி, முத்திரை வைத்துத் தந்தால் போதும்” என்றார். பணிவாகவே கேட்டார். மகள் தலைகுனிந்து நின்றாள்.

“நீ எங்கேயாவது விண்ணப்பித்தாயா, அம்மா?” என்று அவளைக் கேட்டேன். தயக்கத்தோடு தன் கைபேசியைக் காட்டினாள். கோயம்புத்தூரில் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகம், கோடை விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சிக்கு அவளைத் தெரிந்தெடுத்திருந்தது. தானே படிவம் நிரப்பி, தானே கடிதம் எழுதி, தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லிப் பெற்ற இடம் அது. “தெரியாத ஊர், ஐயா. பெண்பிள்ளை” என்றார் தகப்பனார். அவருடைய மூத்த மகன் சென்ற ஆண்டு இதேபோன்ற பயிற்சிக்குச் சென்னைக்குப் போனபோது, வழியனுப்பும் ஜெபத்துக்காக அவர் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் கையெழுத்திடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு கடிதத்தில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். ஏழைப் பிள்ளை, ஒரு தாள்தானே, உதவியாயிருக்கட்டும் என்று எண்ணினேன். படிப்பை முடித்த அந்த வாலிபன் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனான். அந்த ஒரு மாதம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். கணக்கு எழுதினேன் என்றான். என்ன கணக்கு, எப்படி எழுதினாய் என்ற அடுத்த கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. திரும்பிவந்து நடந்ததைச் சொன்னபோது அவன் என்னைக் குறைகூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும். முத்திரை சபையினுடையது, வெட்கம் மட்டும் அவனுடையதாயிற்று. அன்று நான் செய்தது இரக்கம் அல்ல, சோம்பல் என்பதை இப்போது அறிக்கையிடுகிறேன்.

இந்தப் பயிற்சி ஏன் கேட்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட பொறியியல் மாதிரிப் பாடத்திட்டத்திலேயே பணியிடப் பயிற்சி இடம்பெற்றது. பின்பு பல்கலைக்கழக மானியக் குழு, மற்ற இளநிலைப் படிப்புகளுக்கும் நான்காம் பருவத்துக்குப்பின் 60 முதல் 120 மணி நேரப் பயிற்சியை வகுத்தது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது அதன் கணக்கு. எல்லாக் கல்லூரிகளும் இதை ஒரேவிதமாகப் பின்பற்றுவதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால் 120 மணி நேரம் என்பது பதினைந்தே நாள். பதினைந்து நாள் உழைப்பைத் தவிர்ப்பதற்காக நம் பிள்ளைகளை ஆயுள் முழுவதும் ஒரு பொய்த் தாளைச் சுமக்கச் செய்கிறோம். அந்தத் தாளை விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பணத்துக்குச் செய்வதைச் சபை இலவசமாகச் செய்தால், அது ஊழியமாகிவிடுமா?

தூரத்து ஊருக்குப் போக விண்ணப்பித்த ஒருவரை வேதத்தில் காண்கிறோம். நெகேமியா சூசான் அரமனையில் ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்தார். எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிஸ்லேவு மாதத்தில் வந்தது. ராஜாவின் முன் அவர் வாய்திறந்தது நிசான் மாதத்தில். இடையே ஏறக்குறைய நான்கு மாதங்கள் கண்ணீரும் உபவாசமும் ஜெபமுமாய்க் கழிந்தன. அந்த மாதங்களில் அவர் யோசிக்கவும் செய்திருக்கிறார். எவ்வளவு காலம் செல்லும், எப்போது திரும்புவாய் என்று ராஜா கேட்டபோது, அவரால் ஒரு காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தது. வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வாசல்களுக்கு மரம் தரும்படி வனக்காவலாளன் ஆசாபுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று தேவையைப் பெயர் சொல்லிக் கேட்டார். அவர் கேட்டவை எல்லாம் உண்மையான கடிதங்கள். உண்மையான பயணத்துக்கும் உண்மையான வேலைக்கும் உரியவை.

வாலிபரே, நீங்களும் அப்படியே விண்ணப்பியுங்கள். முதலாவது, காலத்தோடு கேளுங்கள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில், மாணவர்கள் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின்கீழ் வேலை செய்யலாம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. ஆனால் கோடையில் நடக்கிற அந்தப் பயிற்சிக்கு, முந்தின ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஏன் வர விரும்புகிறாய் என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுவார்கள்; ஆசிரியரின் பரிந்துரையும் கேட்பார்கள். கடைசி நாளிரவு ஆசிரியரைத் தேடி ஓடாதீர்கள்.

இரண்டாவது, செய்ததை மட்டும் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம். விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளைப் பத்து நாள் கட்டிக்காத்து, அவர்களுடைய வருகைப் பதிவையும் பலகாரச் செலவையும் எழுதி வைத்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அது பொறுப்பான வேலை. அதை எழுதுங்கள். அறியாததை அறிவேன் என்று எழுதாமல், கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்று எழுதுங்கள். பயிற்சிக்கு வருகிறவர் அறியாதவராயிருப்பது குற்றமல்ல. முதலில் பணம் கட்டச் சொல்லுகிற இடங்களில் எச்சரிக்கையாயிருங்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் தூரம் போயே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பேருந்தில் போய்வரும் தூரத்திலுள்ள மருத்துவமனையிலும் கூட்டுறவு வங்கியிலும் கேட்டுப் பாருங்கள். தூரம் முக்கியமல்ல, உண்மையாய்ப் போய்வருவதே முக்கியம்.

பெற்றோரே, உங்கள் பயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. மகளைத் தெரியாத ஊருக்கு அனுப்பும் இரவில் தூக்கம் வராது என்பதை நானும் அறிவேன். ஆனால் பயத்துக்கு மருந்து விசாரணையே; தடையல்ல. எஸ்றா எருசலேமுக்குப் புறப்பட்டபோது, வழித்துணைக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசித்துப் புறப்பட்டார். நெகேமியாவோ ராஜா அனுப்பிய சேனாபதிகளோடும் குதிரைவீரரோடும் போனார். இருவரும் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தார்கள். பாதுகாப்பைக் கேட்பது அவிசுவாசம் அல்ல. ஆகவே கேளுங்கள். வேலையை மேற்பார்வை செய்பவர் யார்? தங்கும் விடுதி எங்கே, அதன் பொறுப்பாளர் யார்? பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சிக்கு வருகிறவர்களையும் பணியாளராகவே எண்ணுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு உண்டா என்று கேளுங்கள். இவற்றுக்குத் திருப்தியான பதில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். மகனானாலும் அனுப்ப வேண்டாம். பதில் கிடைத்தபின்பும் மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் என்றால், அங்கே தடுத்து நிற்பது பயம் அல்ல, பழக்கம்.

சபைக்கும் இதில் கடமை உண்டு. நம்முடைய முத்திரை இனிப் பொய்ச் சான்றிதழில் பதியாது. அதற்குப் பதிலாக நாம் கொடுக்கக்கூடியது அறிமுகக் கடிதம். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் நம் ஊரார் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட, காய்ச்சல் வந்தால் விடுதிக்குப் போய்ப் பார்க்க, அவர்களை நாம் கேட்கலாம். மேலும், ஆலய அலுவலகத்தில் மெய்யாகவே வேலை இருக்கிறது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் விவாகப் பதிவேடுகளும் கரையான் தொடுமுன் கணினியில் ஏற்றப்பட வேண்டும். வெளியூர் போக இயலாத மாணவர் யாராயினும் வந்து 120 மணி நேரம் அந்த வேலையைச் செய்தால், நான் சந்தோஷமாய்க் கையெழுத்திடுவேன்.

அந்தத் தகப்பனார் புதன்கிழமை மனவருத்தத்தோடுதான் போனார். மறுநாள் கோயம்புத்தூரிலுள்ள நம் சபைக் குடும்பம் ஒன்றின் தொலைபேசி எண்ணை அவருக்கு அனுப்பிவைத்தேன். சனிக்கிழமை இரவு அவரே என்னை அழைத்தார். “ஐயா, அந்த விடுதியில் ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். அது சம்மதம் அல்ல. ஆனாலும் மறுத்துவிட்டவர் கேட்கும் கேள்வியும் அல்ல. விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். ஆய்வகத்துக்குப் பதில் அனுப்ப அவளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் அந்த வீட்டையும், விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் யாவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருந்தால், ஜெபித்து எழுந்தபின் அந்தப் படிவத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். கர்த்தர் நம் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.