முதலில் பாதையைப் பாருங்கள்

பந்தயம் முடிந்து, மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பியின் கார் ஒழுங்காக ஓடியது. எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி இங்கே லண்டனில் கப் ஸ்கவுட். போன மாதம் அவர்களுக்கு மரக்கார் பந்தயம். 1953இல் கலிபோர்னியாவில் டான் மர்ஃபி என்ற ஓர் அப்பா தொடங்கிய விளையாட்டு இது. ஒரு பைன் கட்டை, அச்சுக்கு நான்கு ஆணிகள், நான்கு பிளாஸ்டிக் சில்லுகள். எஞ்சின் கிடையாது, சரிவில் தானாக உருள வேண்டும். எடை வழக்கமாக 5 அவுன்ஸைத் தாண்டக்கூடாது. அது ஏறத்தாழ 142 கிராம்.

நாங்கள் இருப்பது ஃபிளாட்டில். கராஜும் இல்லை, வாளும் துரப்பணமும் இல்லை. சமையலறைத் தராசில் நிறுத்து நிறுத்து, 2 பென்ஸ் நாணயங்களைக் காரின் பின்பக்கத்தில் ஒட்டினோம். யூடியூபில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பொய்யும் இல்லை. பின்னால் இருக்கும் பாரம் சரிவில் அதிக உயரத்திலிருந்து இறங்குவதால் வேகம் கூடும். ஆனால் அந்த ஆலோசனை வழுவழுப்பான பாதைக்கு.

எங்கள் மண்டபத்தில் இருந்தது பழைய மரப்பாதை. பலகைகள் சேரும் இடமெல்லாம் மேடு. பின்பாரம் கூடினால் காரின் மூக்கு லேசாகிவிடும். தம்பியின் கார் இரண்டாவது பொருத்தில் துள்ளியது, நடுச்சட்டத்தில் உரசியது, கடைசியாக வந்தது. அவன் அழவில்லை. காரைப் பைக்குள் வைத்துவிட்டான்.

அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் நுங்குக் கோம்பையில் வண்டில் செய்து உருட்டியவர். "ரோட்டைப் பாக்காமலே வண்டில் கட்டினனீங்கள்?" என்று கேட்டார்.

பிறகு கெஞ்சிக் கேட்டு, பத்து நிமிடம் பாதையை வாங்கினோம். நாணயங்களைக் கழற்றி ஒரு சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தி, புளூ டாக்கால் ஒட்டினோம். காரைத் தரையில் உருட்டியபோது இடப்பக்கம் இழுத்தது. வளைந்த ஆணியைத் திருப்பிவிட்டோம். அச்சுகளில் கொஞ்சம் கிராஃபைட் தூள். அடுத்த ஓட்டத்தில் கார் துள்ளாமல் நேராகப் போனது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

என் கருத்து இதுதான்: பந்தயத்துக்கு முன் ஒரு மணிநேரம் பாதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். 'நேரமில்லை' என்பார்கள். பரிசளிப்பைச் சுருக்கலாம். 'முதலே ஓட்டிப் பார்த்தால் சுவை போய்விடும்' என்பார்கள். கராஜும், கருவிகளும், நேரமுள்ள அப்பாவும் இருக்கிற பிள்ளை வீட்டிலேயே பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணிநேரம்தான் கராஜ்.

நீங்களும் கார் செய்கிறீர்களா? பாதையை முன்கூட்டியே காட்டச் சொல்லிக் கேளுங்கள். பொருத்துகளை விரலால் தடவிப் பாருங்கள். கரடு என்றால் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்துப் பாரத்தை முன்னே கொண்டுவாருங்கள். அதுவரை நாணயங்களைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்.