கட்சிச் செய்தியும் ஊர்ச் செய்தியும்

மக்களாட்சி நாட்டிலே குடிமக்களுக்கு இரண்டு வகைச் செய்திகள் வேண்டும். ஒன்று கட்சிச் செய்தி: தேர்தலில் யார் நிற்கிறார், எவர் வென்றார், எவர் அணி மாறினார் என்பது. மற்றொன்று ஊர்ச் செய்தி: குழாயில் தண்ணீர் எப்போது வரும், சாக்கடையை எப்போது தூர் வாருவார்கள், எந்த அட்டையை எந்த நாளுக்குள் எந்த அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்பது. முன்னது நம்மை ஆள்வோரைப் பற்றியது. பின்னது நாம் வாழ்வதைப் பற்றியது. இரண்டும் இன்றியமையாதவை. ஆனால், ஒன்று மற்றொன்றின் வேடத்தைப் புனைந்துகொண்டு வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

டெல்லியில் படிக்க வந்த நாள் முதலாய் இந்த வேடத்தை நான் கண்டு வருகிறேன். தெரு முனையிலே ஒரு சுவரொட்டி: "நமது வார்டில் புதிய விளக்குகள்!" அதன் நடுவே கும்பிட்ட கையோடு ஒரு தலைவர், அவருக்கு மேலே பெரிய தலைவர், அவருக்கும் மேலே மிகப் பெரிய தலைவர். விளக்கு எத்தனை? எந்த நிதியிலிருந்து வந்தது? நாளை ஒரு விளக்கு அணைந்தால் யாரிடம் முறையிடுவது? இவை பற்றி ஓர் எழுத்தும் இல்லை. விளக்கு மக்கள் வரிப்பணத்தில் எரிகிறது. வெளிச்சமோ தலைவர் முகத்தில் விழுகிறது! வரி கொடுத்தவன் நன்றி சொல்ல வேண்டும். வரி பெற்றவர் வாழ்த்துப் பெற வேண்டும். இது என்ன முறை? எந்தக் கட்சியும் இதற்கு விலக்கன்று; ஆகவே எந்தக் கட்சியையும் தனியே குறை கூறவும் நான் முற்படவில்லை.

கட்சிச் செய்தி வேண்டாம் என்பதும் என் கருத்தன்று. அது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இந்த மாநகராட்சியின் அண்மைக்கால வரலாறே சான்று. 2012-ல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட டெல்லி மாநகராட்சி, 2022-ல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. 272 வார்டுகள் 250 ஆயின. அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் தேர்தல் நடந்தது. ஆம் ஆத்மி கட்சி 134 இடங்களையும், பாரதீய ஜனதா கட்சி 104 இடங்களையும், காங்கிரஸ் 9 இடங்களையும் பெற்றன. வாக்களித்தோர் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரே. அதே டெல்லியில் 2025 பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வாக்களித்தனர். நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் ஆட்சியிடம் நமக்கு இருக்கும் அக்கறை எவ்வளவு என்பதற்கு இவ்விரு எண்களே போதும்.

அதன்பின் நடந்தது என்ன? பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரவேண்டிய நிலைக்குழு, கட்சிகளின் பூசலாலும் வழக்குகளாலும் இரண்டரை ஆண்டுக் காலம் முழுமையாக அமையவில்லை. மண்டலம் தோறும் இயங்க வேண்டிய வார்டுக் குழுக்களுக்கும் 2024 செப்டம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடையிலே உறுப்பினர் பலர் கட்சி மாறினர். சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தும் கட்சித் தாவல் தடைச் சட்டம் இந்த மாநகராட்சி உறுப்பினரைத் தொடுவதில்லை. 2022-ல் பெரும்பான்மை பெற்ற கட்சி 2025 ஏப்ரலில் மேயர் தேர்தலில் போட்டியிடவே இல்லை. எதிர்க்கட்சியாக இருந்தவர் மேயர் பதவியைப் பெற்றனர். ஒரு சின்னத்துக்கு வாக்களித்துவிட்டு உறங்கியவன், விழித்தெழுந்தபோது தன் கவுன்சிலரை மற்றொரு கொடியின்கீழ்க் கண்டான். குப்பை அள்ளும் ஒப்பந்தம் ஏன் தாமதமாகிறது என்று அறிய விரும்புகிறவன் இந்தக் கட்சிச் செய்தியை அறிந்துதான் ஆக வேண்டும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே மன்றம் இரண்டுபட்டது, கொசுவுக்குக் கொண்டாட்டமாயிற்று!

ஆயினும், கட்சிச் செய்தி மட்டுமே கிடைத்து, ஊர்ச் செய்தி கிடைக்காமற் போனால் என்ன நேரும்? இதற்கு நாம் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்காலின் கரையிலே, "மதராசி கேம்ப்" என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் தமிழர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். வீட்டு வேலை செய்தும், வண்டி ஓட்டியும், கூலிக்கு உழைத்தும் இந்தத் தலைநகரைத் தாங்கியவர்கள். வாய்க்கால் அடைபட்டு வெள்ளம் தேங்குகிறது என்ற வழக்கிலே, 2025 மே மாதத்தில் டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூன் 1-ஆம் நாள் இயந்திரங்கள் வந்தன. ஏறத்தாழ 370 குடும்பங்களின் வீடுகள் மண்ணாயின. அவற்றுள் பாதிக்குச் சற்று மிகுதியான குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று கணக்கிடப்பட்டது. அந்த வீடுகளும் நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால்! எஞ்சியவர்களுக்கு அந்த வீடும் இல்லை.

வாய்க்காலைத் தூர் வார வேண்டியது தேவைதானா, நீதிமன்றம் வேறு வழி கண்டிருக்கலாமா என்பவை தனிக் கேள்விகள். நான் கேட்பது வேறு. ஒரே வரிசையில், ஒரே காலத்தில் வாழ்ந்த இரு குடும்பங்களில் ஒன்றுக்கு வீடு; மற்றொன்றுக்குத் தெரு. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தாள்களிலிருந்து வந்தது!

டெல்லி அரசின் 2015-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கை இதற்குச் சில விதிகளை வகுத்திருக்கிறது. குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களுள் ஒன்றிலேனும் பெயர் காணப்பட வேண்டும். அதனோடு, குறித்த நாளுக்கு முற்பட்ட குடும்ப அட்டை போன்ற ஓர் ஆவணமும் வேண்டும். தகுதி இல்லை என்று தள்ளப்பட்டவர் மேல்முறையீடு செய்வதற்கும் அக்கொள்கையிலேயே வழி உண்டு. இத்தனையும் அரசு ஏட்டில் இருக்கின்றன. ஆனால், பத்து ஆண்டுகளாக எத்தனை தேர்தல்கள் வந்தன! எத்தனை ஊர்வலங்கள், எத்தனை துண்டறிக்கைகள்! "குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு" என்று கட்சிகள் போட்டியிட்டு முழங்கின. அந்தத் துண்டறிக்கையின் பின்புறத்தில், "அம்மா, உன் பழைய அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள், பட்டியலில் உன் பெயர் விடுபட்டிருந்தால் இன்றே சேர்த்துக்கொள்" என்று தமிழில் இரண்டு வரி அச்சிடக் கூடாதா? வாக்குறுதி மையில் மூழ்கியது; விதிமுறை இருட்டில் கிடந்தது. இடித்த பிறகோ, நிலம் எவர் கையில், ஆணை எவர் கையில் என்று கட்சிகள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டின. அதுவும் கட்சிச் செய்திதான். தெருவில் நின்றவனுக்கு அதனால் ஒரு கூரை கிடைத்ததா?

இந்நகரிலே ஊர்ச் செய்தி மற்ற நகரங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இங்கே ஆட்சி பல துண்டுகளாகக் கிடக்கிறது. குப்பையும் சிறு தெருவும் மாநகராட்சியின் பொறுப்பு. அறுபது அடியும் அதற்கு மேலும் அகலமான சாலை மாநில அரசின் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. தண்ணீரும் கழிவுநீரும் டெல்லி ஜல போர்டின் பொறுப்பு. குடிசைப் பகுதிகளுக்குத் தனி வாரியம். காவலும் நிலமும் மத்திய அரசின் கையில். மொழி தெரியாத ஒரு தாய், வீட்டு வாசலில் கழிவுநீர் பொங்குகிறதென்று எந்தக் கதவைத் தட்டுவாள்? கதவு தெரியாதவள், கதவைக் காட்டுவேன் என்று சொல்லும் கட்சி ஆளை நாடுகிறாள். அவன் உதவி செய்தால் அது அவனுடைய கருணையாகிவிடுகிறது. உரிமை இப்படித்தான் பிச்சையாக மாறுகிறது.

அரசியலமைப்பு இவ்வாறு விரும்பவில்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆம் திருத்தம், மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகையுள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்றது. ஆட்சி தெருவுக்கு வரவேண்டும் என்பதே அதன் உள்ளம். டெல்லியிலோ 250 வார்டுகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டே குழுக்கள். சராசரியாக ஒரு குழுவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வார்டு! அந்தக் குழு எங்கே கூடுகிறது, என்ன முடிவெடுக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ இன்னும் தெளிவானது. கேட்பதற்கு முன்பே, தன் கடமைகள், செலவுகள், திட்டங்களால் பயன்பெறுவோர் விவரம் ஆகியவற்றை ஒவ்வோர் அலுவலகமும் வெளியிட வேண்டும் என்கிறது அதன் நான்காம் பிரிவு. கேட்டாலோ, மத்திய அலுவலகங்களிலும் இங்கும் பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்க்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. ஆனால், விண்ணப்பம் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அவ்விடத்து ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும். டெல்லியில் வாழும் நம்மவருள் தமிழ் மட்டுமே எழுதத் தெரிந்தவர், இந்த உரிமை வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

இங்கேதான் மாணவராகிய நமக்கு வேலை இருக்கிறது. நாம் மூன்று மொழி அறிந்தவர்கள். சட்டம் படிப்போர் நம்முள் உளர்; பொருளாதாரம் படிப்போர் உளர். நம் மன்றம் பொங்கல் விழா எடுக்கிறது, நாடகம் போடுகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. மிக நன்று. இவற்றோடு, நம் இதழிலே "ஊர்ச் செய்தி" என்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தமிழர் வாழும் குடியிருப்புகளில் அதனை அச்சிட்டு ஒட்டவும் வேண்டும்.

அந்தப் பக்கத்துக்கு நான்கு கட்டுப்பாடுகள் போதும். ஒன்று: எந்தச் செய்திக்கும் நாளும் அலுவலகத்தின் பெயரும் இருக்க வேண்டும். இரண்டு: எந்த ஆவணம் வேண்டும், எந்த நாள் இறுதி நாள், மறுத்தால் எங்கே முறையிடுவது என்பது எளிய தமிழில் இருக்க வேண்டும். மூன்று: கட்சிச் செய்தியும் வரலாம், ஆனால், அது வாழ்த்தாக வராமல் கணக்காக வர வேண்டும். கவுன்சிலர் எந்தக் கட்சியில் வென்றார், இன்று எந்தக் கட்சியில் இருக்கிறார், என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதைச் சொல்லுவோம். நான்கு: எவருடைய படமும் வேண்டாம்!

"மாணவருக்கு ஏன் அரசியல்?" என்று பெரியோர் சிலர் கேட்பர். வாக்காளர் பட்டியலில் ஒரு மூதாட்டியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுவது அரசியலானால், அந்த அரசியல் நமக்கு வேண்டும். "இக்காலத்தில் அச்சுத்தாளை யார் படிப்பர்? வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் வருகிறதே" என்று நண்பர் சிலர் கேட்பர். வருகிறது, உண்மைதான். ஆனால், அங்கே நேற்றைய செய்தியும் மூன்றாண்டுப் பழைய செய்தியும் ஒரே உடையில் வருகின்றன. நாளும் இல்லை, சொன்னவர் பெயரும் இல்லை, பொறுப்பும் இல்லை. குழுவை நடத்துபவர் பெரும்பாலும் கட்சித் தொண்டர். அவருக்குப் பிடிக்காத கேள்வி மறைந்துவிடுகிறது. சுவரில் ஒட்டிய தாளை எவரும் நின்று படிக்கலாம். பிழை கண்டால் நம்மைக் கேட்கலாம்.

"இரண்டாண்டு படித்துவிட்டுப் போகிறவர்கள் நீங்கள், இதை யார் தொடர்ந்து நடத்துவது?" என்ற கேள்வியே வலுவான கேள்வி. அதற்கு விடை குடியிருப்பில்தான் இருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்துத் தமிழும் அறிந்தவர்கள். விண்ணப்பம் எழுதவும், பட்டியலைச் சரிபார்க்கவும் அவர்களுக்கு நாம் பழக்கினால், நாம் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பக்கம் நிற்கும். அவர்கள் எழுதும் நாளில் நாம் அச்சுக்கூலி மட்டும் கொடுத்தாற்போதும்.

இந்தத் தலைநகரில் இன்னும் நூற்றுக்கணக்கான குடிசைப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் தமிழ் ஒலிக்கிறது. அடுத்த அளவெடுப்பு என்று வரும், எந்தத் தெருவுக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும்போது, அங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் தாளைத் தேடிக் கையில் வைத்திருக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது. தோழர்களே, அடுத்த செயற்குழுவில் இக்கோரிக்கையை முன்மொழிகிறேன். வழிமொழிய வாருங்கள்!