நம்மைச் சுமப்பவரின் மூச்சு



குதிரைப் பந்தயம் என்றவுடன் நம்மில் பலருக்குச் சூதாட்டமும், அதனால் சீரழிந்த குடும்பங்களுமே நினைவுக்கு வரும். அந்நினைவு தவறன்று. ஆயினும் இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒரு மனிதரும் ஒரு குதிரையும் மலையும் காடும் கடந்து, ஒரே நாளில் நெடுந்தொலைவு சென்று சேரும் பயணம் அது. அதில் முதன்முதலாக இறங்குபவர் எதைக் கற்கிறார் என்பதையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த வெண்டெல் ரோபி, தோழர் சிலருடன் தாஹோ ஏரிப் பகுதியிலிருந்து புறப்பட்டு, சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து, ஆபர்ன் நகரை ஒரே நாளில் அடைந்தார். தொலைவு 100 மைல். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட காலத்திலும் குதிரையால் இஃது இயலும் எனக் காட்டுவதே அவர் நோக்கம். 'டெவிஸ் கோப்பை' என்னும் பெயரில் அப்பயணம் இன்றளவும் தொடர்கிறது. 24 மணி நேரத்திற்குள், குதிரை நலமுடன் இருக்க, முடிப்பவர் அனைவருக்கும் வெள்ளிக் கச்சைக் கொக்கி உண்டு. ஆனால் பல ஆண்டுகளில், புறப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேரே அதனைப் பெறுகின்றனர்.

புதியவர் எவரும் 100 மைலில் தொடங்குவதில்லை. 25 மைல் பயணமே அவருக்குரிய முதற்படி. அதனை 6 மணி நேரத்திற்குள் முடித்தல் வேண்டும். இதற்கே பல மாதப் பயிற்சி தேவை. இங்குதான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. பயிற்சியினால் குதிரையின் இதயமும் நுரையீரலும் விரைவில் வலுப்பெறுகின்றன, தசைகள் அதன்பின், தசைநாண்களும் எலும்புகளுமோ மிகத் தாமதமாகவே உறுதி அடைகின்றன. எனவே சில திங்களிலேயே குதிரை களைப்பின்றி ஓடுகிறது. அதைக் கண்டு மகிழ்ந்த புதியவர், அதன் கால்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதை மறந்து விரட்டினால், நொண்டற் குதிரையுடனேயே வீடு திரும்புவார்.

புறப்படும் காலையில் மற்றொரு சோதனை. குதிரை கூட்டமாக வாழும் உயிர். முன்னே பல குதிரைகள் விரையக் கண்டால், தன் ஆற்றல் எவ்வளவு என்று எண்ணாது தானும் பாயும். முதல் ஒரு மணி நேரம் அதனைக் கடிவாளத்தால் அடக்கி, தம்மைக் கடந்து செல்வோரைப் பார்த்தும் பாராதிருப்பதே புதியவருக்குக் கடினமான பாடம்.

வழியில் குறித்த இடங்களில் கால்நடை மருத்துவர்கள் காத்திருப்பர். அங்கே குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60 அல்லது 64 என்னும் வரையறைக்குள் தணிதல் வேண்டும். கட்டாய ஓய்வு நேரம், நாடி தணிந்த பின்னரே கணக்கிடப்படும். ஆகவே வழியில் விரைந்து பத்து நிமிடம் மிச்சப்படுத்தியவர், நாடி தணியாக் குதிரையருகே நின்று அதனை இழப்பதும் உண்டு. மருத்துவர் ஈறின் நிறத்தைப் பார்ப்பார். தோலைக் கிள்ளி அது எவ்வளவு விரைவில் படிகிறது என நோக்குவார். குடலின் ஓசையைக் கேட்பார். மெல்லோட்டமாக ஓடவிட்டு நொண்டல் உண்டா எனக் காண்பார்.

தண்ணீர் பற்றிய செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. மனிதரின் வியர்வையில் குருதியைவிட உப்புக் குறைவு. நீர் குறையக் குறையக் குருதியில் உப்புச் செறிந்து, நமக்குத் தாகம் எழுகிறது. குதிரையின் வியர்வையிலோ உப்பு மிகுதி. நீரும் உப்பும் ஒருங்கே வெளியேறுவதால், தாகம் தோன்றாமலே அதன் உடல் வறளக்கூடும். நீர்நிலை தோறும் நின்று, குடிக்கக் காலம் கொடுத்து, உப்பும் ஊட்டுவது ஏறியிருப்பவரின் கடமையாகிறது. அது கேட்கவில்லையே என்று சாக்குச் சொல்ல இயலாது.

இத்தனைக்குப் பின்னும், கடைசிச் சோதனையில் மருத்துவர் 'போதும்' எனக் கூறிவிடலாம். 1973-இல் கோர்டி எயின்ஸ்லி என்பவர் ஏறிச் சென்ற குதிரை நொண்டியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, 1974-இல், அவர் குதிரையின்றித் தம் கால்களாலேயே அந்த 100 மைலையும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்று புகழ்பெற்று விளங்கும் 100 மைல் ஓட்டத்திற்கு அதுவே வித்தாயிற்று. நொண்டும் குதிரையை வருத்தாது விட்டதால் அவர் குறைந்துபோகவில்லை.

அமெரிக்காவில் இப்பயணங்களை நெறிப்படுத்த 1972-இல் தோன்றிய அமைப்பு, 'முடித்தவரே வென்றவர்' என்பதைத் தன் முழக்கமாகக் கொண்டுள்ளது. டெவிஸ் பயணத்திலோ முதலில் வந்தவருக்கு ஒரு கோப்பை இருப்பது போல, முதற் பத்துக் குதிரைகளுள் மிக நல்ல உடல்நிலையில் உள்ளதற்கும் 1964 முதல் 'ஹாகின் கோப்பை' வழங்கப்படுகிறது. எவ்வளவு விரைவில் வந்தாய் என்பதோடு, உன்னைச் சுமந்தது எந்நிலையில் உள்ளது என்றும் கேட்பது நேரிய நடுவன்றோ?

வாசகர்களே, நம் இல்லங்களிலும் வாய்திறவாது சுமப்பவர் உளர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாய், இருவர் வேலையை ஒருவராய்ச் செய்யும் தந்தை, தம்பி தங்கையர் படிப்பிற்காகத் தன் படிப்பை விட்ட மூத்த பிள்ளை ஆகியோர் 'களைத்தேன்' என்று சொல்வதில்லை. குதிரைக்கேனும் வழியில் மருத்துவர் காத்திருக்கிறார்; இவர்களது நாடியைப் பார்ப்பவர் யார்? இந்த வாரத்தில் ஒரு மாலையேனும் அவர்களை அமரச் செய்து, அவர்களது வேலையை நாம் ஏற்போம். அவர்கள் மறுத்தாலும் விடாதிருப்போம்.